பெர்லினுக்குப் போன கத்தாளை

திருநெல்வேலிக்காரர்களுக்குப் பெர்லின் நகரத்தின் பேரில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்குப் பெர்லின் என்றதும் யுத்தமோ, இடித்துத் தள்ளிய மதில்சுவரோ ஞாபகம் வரலாம். எங்களுக்கு ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வரும். 1876-ம் வருஷம் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தோண்டினார். முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த பாண்டங்களையும் இரும்புச் சாமான்களையும் கப்பலேற்றிப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு 1899-ம் வருஷம் முதல் அலெக்ஸாண்டர் ரீ என்ற துரை தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. எழும்பூருக்குப் போனதைப் பற்றி எங்கள் ஊரில் அவ்வளவு வருத்தமில்லை. ராத்திரி ரயிலேறினால் காலையில் போய்ப் பார்த்துவிடலாம். பெர்லின் சமாசாரம்தான் ஆறாத புண். ஸ்ரீவைகுண்டம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து ஆசாமி யாராவது, "நம்ம சொத்தெல்லாம் ஜெர்மனியிலேல்லா கெடக்கு அண்ணாச்சி" என்று ஆரம்பித்தால், இறங்கும் வரைக்கும் பேச்சு ஓயாது.

நான் சொல்ல வந்தது தாழிகளைப் பற்றி அல்ல. ஜாகோர் வருவதற்கு 80 வருஷங்களுக்கு முன்பே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வேறொரு பொருள் பெர்லினுக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டு இதுவரை ஒருவரும் மனுப் போட்டதில்லை, கூட்டம் போட்டதில்லை. காரணம், அது ஒரு மீன்.

மீனைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்களுடையது சைவக் குடும்பம். எங்களுக்குச் சம்மதமான மீன்கள் இரண்டே இரண்டு: பஞ்சாங்கத்தில் பன்னிரண்டாவது ராசியாக இருப்பது ஒன்று, மதுரை அம்மனின் பெயருக்குள் இருப்பது மற்றொன்று. தெருவில் மீன்காரியின் குரல் கேட்டதும் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஆனால் குரலுக்கு ஜன்னல் ஒரு தடையா? சாளை, நெத்திலி, காரல், கத்தாளை என்று அவள் இழுத்துப் பாடிக்கொண்டு போகும் பெயர்கள் எனக்குச் சின்ன வயசிலேயே மனப்பாடம். ருசி தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்து வளர்ந்தவன் நான். கதை எழுதுகிறவனுக்கு அதுவும் ஒரு தகுதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் கற்றதில் இன்றும் கண்ணில் நிற்பது விலங்கியல் பரிசோதனைச் சாலையின் அலமாரி ஒன்றுதான். உயரமான கண்ணாடிச் சீசாக்கள்; உள்ளே மங்கிய மஞ்சள் திரவம்; அதற்குள் தலைகீழாக நிற்கும் மீன்கள். எல்லாம் ஒரே நிறம், ஊறிப்போன சுண்ணாம்பு நிறம். சீட்டில் லத்தீன் பெயர் மட்டும் இருக்கும். எந்தக் கடல், எந்த நாள், யார் பிடித்தது என்று ஒன்றும் இராது. அந்த வெறுமை எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு நாவலுக்காக ஆற்று முகத்துவாரத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்து, மீன்களைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்வோம் என்று போனபோதுதான் உறைத்தது.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு பேராசிரிய நண்பர் இருக்கிறார். மீன்களையே படித்து மீன்களையே கற்பிக்கிறவர். அவரிடம் போய், "கத்தாளை என்று ஒரு மீன் இருக்கிறதே, அதற்குச் சாஸ்திரப் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"எந்தக் கத்தாளை? அது ஒரு பெரிய குடும்பமல்லவா?" என்றார்.

"கறுத்த கத்தாளை."

அவர் சிரித்துவிட்டு, "அதுதான் அதன் சாஸ்திரப் பெயரும்" என்றார்.

வேடிக்கை என்று நினைத்தேன். வேடிக்கை அல்ல. ஜோனியஸ் கறுத்தா. உலகத்தில் எந்தப் பல்கலைக் கழகத்தில் எந்தப் பாஷைக்காரர் எழுதினாலும் அந்த மீனுக்கு அதுதான் பெயர். ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் 'கறுத்தா' என்றுதான் எழுத வேண்டும். இங்கிலீஷ் மீன் ஜாபிதாக்களில்கூட அதைக் 'கறுத் குரோக்கர்' என்றே போட்டிருக்கிறார்கள். குரோக்கர் என்றால் கத்துகிறவன். இந்த இனத்து மீன்கள், வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்துத் தவளை மாதிரி ஒலி எழுப்பும். கத்துவதால்தான் கத்தாளையோ என்று நான் பொருத்திப் பார்த்துக்கொண்டதும் உண்டு. பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கறுத்தா லத்தீனுக்குள் எப்படி நுழைந்தது என்பது ஒரு நல்ல கதை.

சீகன்பால்கு 1706-ம் வருஷம் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிறது. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்களின் கோட்டை. அவர் வந்து 65 வருஷம் கழித்து, 1771-ல், அதே மிஷனுக்குக் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் வந்தார். 1813-ல் இறக்கும் வரை இந்த மண்ணிலேயே இருந்தார். பள்ளிக்கூடம் நடத்துவதிலும் பிரசங்கம் செய்வதிலும் போக மிஞ்சிய நேரத்தில் சிப்பி, மீன் என்று இயற்கைப் பொருள்களைச் சேகரிப்பது அவருக்குப் பிடித்த காரியம். கடற்கரைக்குப் போய் வலைக்காரர்களிடம் மீன் வாங்குவார். வாங்கியதைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த நண்பருக்கு அனுப்பிவைப்பார். சூயஸ் கால்வாய் வெட்டுவதற்கு முந்திய காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் ஊர் மீன் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது!

அந்த நண்பர் மார்க்கஸ் எலீசர் பிளாக். வைத்தியர். 1723-ல் ஒரு ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயசு வரைக்கும் அவருக்கு ஜெர்மன் பாஷை வாசிக்கத் தெரியாது என்பார்கள். எபிரேயம் மட்டுமே தெரியும். அதன்பிறகு ஜெர்மன் கற்று, லத்தீன் கற்று, வைத்தியம் படித்து, பெர்லினில் பேர்பெற்ற டாக்டராகி, ஐம்பது வயசுக்கு மேல் மீன்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தோடு கல்லூரியை விட்டவனுக்கு இதைப் படிக்கும்போது ஏற்படுகிற ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. 1782 முதல் 1795 வரை 12 பாகங்கள், 432 வர்ணப் படங்கள். அவர் பார்த்து எழுதிய மீன்களில் பல, நம் சோழமண்டலக் கரையில் பிடிபட்டவை.

1793-ல் வந்த பாகத்தில்தான் நம்முடைய கத்தாளை வருகிறது. மீனை அனுப்பிய நண்பருக்கு மரியாதை செய்ய நினைத்தார் பிளாக். ஜான் பாதிரியாரின் பெயரால் 'ஜோனியஸ்' என்று குலப்பெயர் வைத்தார். குலத்துக்குள் இந்த ஜாதியை எப்படி அடையாளம் காட்டுவது? தரங்கம்பாடியில் இதைக் கறுத்த கத்தாளை என்கிறார்கள் என்று ஜான் எழுதியனுப்பியிருந்தார். முன்பாதியை எடுத்துக்கொண்டார் பிளாக்: கறுத்தா. அதே குலத்தில் சேர்த்த மற்றொரு மீனுக்கு நம்மவர்கள் சொன்ன பெயர் ஆனைக் கத்தாளை. அதற்கும் முன்பாதியையே எடுத்து 'அனேயஸ்' என்று லத்தீன் வால் ஒட்டினார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் வெண்கலத்தைக் குறிக்கும் சொல்லோ என்றுதான் நினைப்பார்கள். உள்ளே நிற்பது தரங்கம்பாடிக் கடலோரத்து ஆனை!

மீன் சாஸ்திரத்தில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. முதலில் அச்சேறிய பெயர் எப்படி அச்சேறியதோ அப்படியே நிற்க வேண்டும். நமக்குப் பிடிக்கவில்லை என்றோ, உச்சரிப்புச் சரியில்லை என்றோ பிற்பாடு யாரும் திருத்த முடியாது. ஊர்ப் பெயர்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. டின்னவேலி திருநெல்வேலியாயிற்று, டூட்டிகொரின் தூத்துக்குடியாயிற்று, டிராங்கிபாரும் தரங்கம்பாடியாகத் திரும்பிவிட்டது. அந்தக் கோட்டையையே 1845-ல் டேனிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ராஜ்யங்கள் போய்விட்டன. கறுத்தா போகவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் நண்பர் கணினியைத் திறந்து, மியூசியங்களின் மீன் பதிவுகளைக் காட்டினார். இப்போது உலகத்து மியூசியங்கள் பல தங்கள் ஜாபிதாக்களைப் பொதுவில் வைத்துவிட்டன. வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ஏதோ காவியம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது வீட்டுவரி ரிஜிஸ்தர் மாதிரி ஒன்று. எண், மீனின் பெயர், பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள், சேகரித்தவர், நீளம், எதில் போட்டு வைத்திருக்கிறது, எத்தனை உருப்படி. வரி வரியாக ஓடுகிறது. பழைய பதிவுகளில் பல கட்டங்கள் காலி. நாள் இராது. இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று ஒரே சொல் இருக்கும். நம் தேசத்துக் கடற்கரை எத்தனை ஆயிரம் மைல்! அதில் எங்கே என்று தேடுவது?

"இதில் என்ன இருக்கிறது, இவ்வளவு பத்திரப்படுத்த?" என்று கேட்டேன்.

"கோர்ட்டில் சாட்சிக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. இன்ன மீன், இன்ன இடத்தில், இன்ன நாளில் இருந்தது. அவ்வளவுதான் அது சொல்லும். ஆனால் அதை வேறு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. சந்தேகமிருந்தால் சீசாவைத் திறந்து, முள்ளை எண்ணி, செதிலை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சீட்டு மட்டும் காணாமல் போனால் உள்ளே இருப்பது வெறும் பழைய மீன்" என்றார்.

எனக்கு அந்தக் கல்லூரி அலமாரி ஞாபகம் வந்தது. அங்கே நின்றவை சாட்சிகள் அல்ல. ஊரும் நாளும் இழந்து நின்றவை.

நண்பர் சொன்ன வேறொரு விஷயம்தான் ராத்திரி வெகுநேரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சாராயத்தில் போட்ட மீனுக்கு நிறம் நிற்காது. மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும். பிறகு மற்ற நிறங்களும் மங்கும். நூறு இருநூறு வருஷங்களில் எந்த மீனும் ஒரே பழுப்பாகிவிடும். பிளாக் சேர்த்த மீன்கள் இன்று பெர்லின் இயற்கை வரலாற்று மியூசியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 1945-ம் வருஷம் பிப்ரவரி மாதத்துக் குண்டுவீச்சில் அந்த மியூசியத்தின் கீழ்ப்புறக் கட்டடம் இடிந்தது. அதைத் திருப்பிக் கட்டி, 2010-ல் சாராயச் சீசாக்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீசாக்கள் அங்கே அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் எந்தக் கத்தாளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் தண்ணீரில் இருந்த அதன் கறுப்பைப் பார்க்க முடியாது. அப்படியானால் அந்தக் கறுப்பு எங்கே இருக்கிறது?

பெயரில் இருக்கிறது. உடம்பு இழந்துவிட்ட நிறத்தை ஒரு தமிழ்ச் சொல் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தச் சொல்லைச் சொன்னவர் யார்? அதற்கு அந்த ஜாபிதாவில் கட்டமே இல்லை. மீனை விவரித்தவர் பெயர் இருக்கிறது: பிளாக். அனுப்பியவர் பெயர் குலத்துக்கே வைத்தாகிவிட்டது: ஜான். படம் அச்சிடப் பணம் கொடுத்த பிரபுக்களுக்குக்கூட பிளாக் நன்றி மறக்கவில்லை. படங்களின் அடியில் அவர்கள் பெயரையும் போட்டிருக்கிறார். விடிவதற்கு முன்பே அலையைத் தாண்டிப் போய், வலையிழுத்து, மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, 'இது கறுத்த கத்தாளை, சாமி' என்று பாதிரியாருக்குச் சொன்னானே ஒருவன், அவன் மட்டும் எங்கும் இல்லை. இல்லை என்றும் சொல்லிவிட முடியவில்லை. அவன் வாயிலிருந்து வந்த சொல்தானே அத்தனை பெயர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது! கையெழுத்துப் போடத் தெரியாதவன் பெருவிரல் ரேகை வைப்பதில்லையா, அந்த மாதிரி.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. போர்ஸ்கால் என்ற இளைஞர் டென்மார்க் ராஜா அனுப்பிய கோஷ்டியோடு அரேபியாவுக்குப் போனார். 1763-ல் ஏமன் தேசத்தில் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவருக்கு வயது 31. மீன்களைப் பாதியாக வகிர்ந்து, தோலை உலர்த்தி, செடி இலைகளை ஒட்டுவதுபோல் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தோல்கள் கோபன்ஹேகனில் இன்றும் இருக்கின்றன. அவரும் செங்கடல் வலைக்காரர்கள் சொன்ன அரபுப் பெயர்களையே மீன்களுக்கு வைத்தார். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? தூத்துக்குடியில் கூறுகட்டி விற்கிறார்களே கிழங்கான், அதற்குச் சாஸ்திரத்தில் 'சிஹாமா' என்று அரபுப் பெயர். கீச்சானுக்கு 'ஜார்புவா', அதுவும் அரபு. முதலில் யார் கரையில் எழுதினார்களோ அந்தக் கரையின் பாஷை நிலைத்துவிட்டது. செங்கடல்காரன் கிழங்கானை வென்றான், தரங்கம்பாடிக்காரன் கத்தாளையை வென்றான். இருவருக்கும் தாங்கள் வென்றது தெரியாது.

நாலு நாள் கழித்து எங்கள் தெருமுனையில் மீன் கூடையோடு உட்காரும் அம்மாளிடம் போனேன். புன்னைக்காயல் பக்கத்து மனுஷி, அறுபது வயசுக்குக் குறையாது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். சைவ வீட்டுப் பிள்ளை கூடைப் பக்கம் வருகிறதென்றால்!

"என்ன தம்பி, வழி தவறிட்டியளா?" என்றாள்.

"இல்லை அக்கா. கறுத்த கத்தாளை எது என்று காட்டுங்கள்."

ஒரு சாணுக்குச் சற்று அதிகமான மீன் ஒன்றை எடுத்து வாழையிலையில் வைத்தாள். மழைமேகத்தின் அடிப்பக்கம் மாதிரி ஒரு நிறம். செதிலில் வெள்ளி இல்லாமலில்லை. ஆனால் வெள்ளியைப் புகையில் காட்டி எடுத்தது போல் இருந்தது. துடுப்புகள் இன்னும் கறுப்பு. அதன் மண்டைக்குள் காதோரத்தில் பெரிய கல் இரண்டு இருக்கும் என்று அவளே சொன்னாள். அந்தக் கல்லை அறுத்து, மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் எண்ணி, மீனின் வயசைக் கணிக்கிறார்கள் என்று நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் அதற்கு அசரவில்லை.

"இந்தப் பேரை யார் வைத்தது அக்கா?"

"பேரை யாரு வைக்கா? அது மீனோட வந்த பேருல்லா!"

நான் பிளாக்கைப் பற்றியும் பெர்லினைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அங்க கொண்டுபோயி என்ன செஞ்சாவ? தின்னாவளா?" என்று கேட்டாள். தின்னவில்லை, சீசாவில் போட்டு வைத்துவிட்டார்கள் என்றேன். "வீணாப் போச்சே" என்றாள்.

வீணாகத்தான் போயிற்றா? இந்தக் கேள்வி என்னைப் புன்னைக்காயலுக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. தாமிரபரணி பொதிகையில் பிறந்து, 8 அணைக்கட்டுகளில் வயல்களுக்குக் கொடுத்தது போக, மிச்சமிருக்கும் தண்ணீரோடு அங்கேதான் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. எல்லா வருஷமும் மிச்சம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கரையில் நின்றால் கொற்கையை நினைக்காமல் இருக்க முடியாது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டு எவ்வளவோ உள்ளே தள்ளி வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. அங்கே கடல் இருந்தது என்பதற்கு மண்ணுக்குள் கிடைக்கும் சங்கும் சிப்பியும் சாட்சி. கடல் விலகிப் போனாலும் சிப்பி கிடந்து சொல்கிறது. மீன் விலகிப் போனால் எது கிடந்து சொல்லும்?

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தம் அப்பா காலத்தில் எந்தெந்த மீன் எவ்வளவு பெரிசாக வந்தது என்று கையை விரித்துக் காட்டினார். பக்கத்திலிருந்த இளவட்டம் ஒன்று, "தாத்தா கை நாளுக்கு நாள் நீளுது" என்று கேலி செய்தது. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. டேனியல் பாலி என்ற மீன்வள நிபுணர் 1995-ல் ஒரு கருத்தை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் குறைந்துபோனது அதன் கணக்கில் வருவதில்லை. பிள்ளை அப்பாவை நம்புவதில்லை, பேரன் தாத்தாவைக் கேலி செய்கிறான். இப்படியே படிப்படியாக இறங்கி, கடல் காலியாகிற அன்றும் ஒருவரும் திடுக்கிடமாட்டார்கள். அந்தப் பெரியவரின் கை நீளுகிறதா, மீன் குறைகிறதா என்று யார் தீர்ப்புச் சொல்வது? தேதியும் ஊரும் எழுதி, அளந்து வைத்த மீன் ஒன்று எங்காவது இருந்தால் அது சொல்லும். அதற்குக் கை நீளாது.

ஆற்றுக்கும் இதே கதைதான். ஈ. ஜி. சைலஸ் என்ற விஞ்ஞானி, பிற்காலத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கே இயக்குநராக இருந்தவர். 1954-ல் அவர் நம் ஆற்றுக் கெண்டை ஒன்றைத் தனி வகையாகப் பிரித்து எழுதி, அதற்கு ஆற்றின் பெயரையே வைத்தார்: 'தாம்பரபர்ணியை.' பாபநாசத்தில் பொரி வாங்கிப் போட்டால் மொய்க்கிற மீன்களைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஆற்றின் பெயரைச் சுமந்துகொண்டு உலகத்துப் பதிவேட்டில் ஒரு மீன் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வரும். அந்தப் பெயரும் மாறாது. ஆற்றில் அந்த மீன் இல்லாமல் போகிற காலம் வந்தாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். அதை நினைத்தால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

கத்தாளையின் கதையில் ஒரு சந்தோஷமான திருப்பமும் இருக்கிறது. பிளாக் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று சொன்னேனே, விட்டுப்போன பின்பாதி என்ன ஆயிற்று? அது கரையிலேயே காத்திருந்தது. 1969-ம் வருஷம் லால் மோகன் என்ற இந்திய விஞ்ஞானி கத்தாளைக் குடும்பத்தை ஆராய்ந்து, ஒரு மீனுக்குத் தனிக் குலம் வேண்டும் என்று கண்டார். அந்தக் குலத்துக்கு அவர் வைத்த பெயர் 'கத்தலா.' 176 வருஷம் கழித்துப் பெயர்ச்சொல்லும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது! எட்டு வருஷம் கழித்து, 1977-ல், லண்டன் மியூசியத்து எத்தல்வின் டிரவாவஸ் அம்மையார் இந்தக் கடல்களின் கத்தாளைகளையெல்லாம் ஒரு பெரிய நூலில் ஒழுங்குபடுத்தினார். அந்த மாதிரி வேலைக்கெல்லாம் அஸ்திவாரம் பழைய சீசாக்களும் பழைய சீட்டுகளும்தான்.

ஆகவே, ஆதிச்சநல்லூர் வழக்கில் நான் ஊர்க்காரர்கள் பக்கம். ஆனால் மீன் வழக்கில் என் கட்சி வேறு. அந்த மீன்கள் பெர்லினிலேயே இருக்கட்டும். உலகத்தில் எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் சாட்சி இருப்பதுதான் நியாயம். நாம் கேட்டு வாங்க வேண்டியது மீனை அல்ல. நாம் செய்ய வேண்டிய பாதி வேலை ஒன்று இங்கேயே கிடக்கிறது. வலைக்காரர்களின் வாயிலிருக்கும் பெயர்கள் அத்தனையும் மியூசியம் ஏறிவிடவில்லை. பருவத்துக்கு ஒரு பெயர், குஞ்சுக்கு ஒன்று, பெரிசுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் ரகம் பிரித்து, எண் ஒட்டி, லாரியில் ஏற்றுகிற வியாபாரத்துக்கு அவ்வளவு பெயர்கள் தேவைப்படுவதில்லை. தேவைப்படாத சொல் எத்தனை நாளைக்கு நாக்கில் தங்கும்?

நான் விஞ்ஞானி அல்ல. சீசாவும் சாராயமும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மியூசியக்காரர்களைப் பார்த்துக் கட்டம் போட்டேன்: மீனின் பெயர், பார்த்த இடம், நாள், நீளம், நிறம். கடைசியில் அவர்களிடம் இல்லாத ஒரு கட்டம் சேர்த்தேன்: பெயர் சொன்னவர். அம்மா அந்த நோட்டைப் பூஜை அலமாரிப் பக்கம் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். உள்ளே எழுத்துத்தானே இருக்கிறது என்றால், எழுத்தும் நாறும் என்கிறாள். அதனால் அது நாவல் கையெழுத்துப் பிரதிகளோடு பரணில் இருக்கிறது. நல்ல சகவாசம்தான்.

முதல் வரி கறுத்த கத்தாளைக்கு என்று தீர்மானித்து, தெருமுனை அம்மாளிடம் போய் அவளுடைய முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டேன். எதற்கு என்றாள். மீனின் பெயரைச் சொன்னது நீங்கள் என்று எழுதப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள். இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

"சரியா எழுதிக்கிடுங்க தம்பி. ஆனா பேரு எழுதினதுக்காவ மீன் விலையைக் குறைக்கச் சொல்லப்படாது" என்றாள்.